குன்னூரிலிருந்து சிங்கப்பூர் தீம் பார்க்: நான்கு பேர், நான்கு இரவு, இரண்டு லட்சம்

நாங்கள் நான்கு பேர் சிங்கப்பூர் போய் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்த்து வர ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் ஆனது. அதில் பூங்கா டிக்கெட்டுக்குப் போனது 21,000 ரூபாய், அதாவது பத்தில் ஒரு பங்கு. குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன் நான். அதனாலோ என்னவோ, திரும்பி வந்து செலவை எழுதிப் பார்த்தபோது இந்த விகிதம்தான் முதலில் கண்ணில் பட்டது. போவதற்கு முன் டிக்கெட்டில் தள்ளுபடி தேடி எத்தனையோ ராத்திரி விழித்திருக்கிறேன். கிடைத்த மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். தேதியைச் சரியாகப் பிடித்ததால் விமானத்திலும் அறையிலும் மிஞ்சியது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே இங்கே டிக்கெட்டைவிட மற்ற ஒன்பது பங்கைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எந்த ஊர்ப் பூங்கா

குழந்தைகள் டிஸ்னிலேண்ட் என்றுதான் கேட்பார்கள். ஆசியாவில் டோக்கியோவில் 1983-லேயே திறந்துவிட்டார்கள், ஹாங்காங்கில் 2005-ல். இரண்டுமே நல்ல பூங்காக்கள்தான். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து போக வேண்டுமென்றால் சென்னையிலோ பெங்களூரிலோ வேறெங்கோ விமானம் மாற வேண்டும். சின்னக் குழந்தைகளோடு நடுராத்திரியில் விமானம் மாறுவதற்குத் தனியாக ஒரு பொறுமை வேண்டும். அது எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

மலேசியா மலிவு. கோலாலம்பூருக்கு மேலே கெந்திங் மலையில் ஒரு தீம் பார்க் இருக்கிறது. ஆனால் அந்த மலையின் உயரம் சுமார் 1,800 மீட்டர், நம் குன்னூர் 1,850. விமானம் ஏறிப் போய் அதே பனிமூட்டத்தில் அதே ஸ்வெட்டரோடு நிற்பதா என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கீழ்நாட்டுக்காரர்களுக்கு அது அருமையான இடமாக இருக்கலாம்.

சிங்கப்பூருக்குக் கோயம்புத்தூரிலிருந்தே ஸ்கூட் என்கிற மலிவு விமான நிறுவனம் நேராகப் பறக்கிறது, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கொடைக்கானல், பழனி பக்கத்துக்காரர்கள் திருச்சியையும் பார்க்கலாம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பறப்பதால் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்க வசதி. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. வழி தவறினாலும் கேட்க ஆள் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் பயமில்லை. முதல்முறை வெளிநாடு போகிற குடும்பத்துக்கு இந்த இரண்டும் போதும்.

தேதி: காசு மிஞ்சுகிற இடம் இதுதான்

மலையில் இருக்கிறவர்களுக்கு ஏப்ரல், மே சீசன். தங்கும் விடுதி வைத்திருந்தாலும், டாக்ஸி ஓட்டினாலும், வர்க்கிக் கடை போட்டிருந்தாலும் வருஷத்துச் சம்பாத்தியம் அந்த இரண்டு மாதத்தில்தான். ஊர் முழுக்க ஊட்டிக்கு ஏறி வருகிற நேரத்தில் நாம் இறங்கிப் போக முடியாது. அது ஒருவகையில் நல்லதுதான். அந்த மாதங்களில் விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும்.

சிங்கப்பூர் பள்ளிகளுக்கு ஜூன் மாதம் நான்கு வாரம் விடுமுறை, நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய நீண்ட விடுமுறை, மார்ச்சிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஒவ்வொரு வாரம். அந்த நாட்களில் பூங்காவில் வரிசை நீளும். நம் அரையாண்டு விடுமுறை சரியாக அவர்களுடைய டிசம்பர் கூட்டத்தில் போய் விழுகிறது. காலாண்டு விடுமுறையோ செப்டம்பர் கடைசியில் வருகிறது. அவர்களுடைய செப்டம்பர் விடுமுறை அதற்குள் முடிந்திருக்கும். எங்களுக்கு அமைந்தது அதுதான்.

அதிலும் மூன்று கண்ணிகள் உண்டு. அக்டோபர் 1 சீனாவின் தேசிய நாள், அதையொட்டி ஒரு வாரம் அங்கே விடுமுறை, பெருங்கூட்டம் சிங்கப்பூருக்கு வரும். அடுத்தது இரவு நேரக் கார் பந்தயம். செப்டம்பரிலோ அக்டோபரிலோ ஒரு வார இறுதியில் நடக்கும், தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்த நாட்களில் அறை வாடகை எகிறும். மூன்றாவது, செப்டம்பர் கடைசியிலிருந்து சில இரவுகளில் பூங்காவில் பேய்க் கொண்டாட்டம் ஒன்று நடத்துகிறார்கள். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் பகல் கூட்டத்தைச் சீக்கிரமே வெளியேற்றிவிடுவார்கள். நாள்காட்டியை எடுத்து இந்த மூன்றையும் அடித்துவிட்டு மீதியில் ஒரு செவ்வாய், புதன் அல்லது வியாழனைப் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளைச் சுற்றித்தான் விமானம் தேட வேண்டும். முதலில் விமானத்தைப் போட்டுவிட்டுப் பூங்கா நாளைத் தேடினால் சனி, ஞாயிறுதான் மிஞ்சும்.

பாஸ்போர்ட்டும் நம் இனிஷியலும்

நீலகிரி மாவட்டம் கோயம்புத்தூர் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 18 வயதுக்குக் கீழே 1,000. எட்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்குப் புதுப் பாஸ்போர்ட் என்றால் பத்து சதவீதம் கழிவு. குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும். அதனால் பழையது வீட்டில் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள், எடுத்துப் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட இணைப்பு 'டி' படிவம் தேவை.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நிஜமாகவே தடுக்கி விழுகிற இடம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார், இன்னொருவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார், மனைவி கணவர் பெயரைப் போட்டிருப்பார். ஒரே வீட்டில் நாலு விதம். விமான டிக்கெட் போடும் தளமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகரவே நகராது. அப்போது அவசரத்தில் எதையாவது தட்டிவிடுகிறோம். நான் அப்படித்தான் மகனுக்கு என் இனிஷியலைப் போட்டேன். அப்புறம் விமான நிறுவனத்துக்கு எழுதித் திருத்த வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட்டைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அந்த விமான நிறுவனம் அதற்கு என்ன முறை சொல்கிறது என்று பார்த்துவிட்டு அதன்படியே நிரப்புங்கள். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கப்போகிற குழந்தை என்றால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்துவிடுவது பின்னால் வரும் பல தலைவலிகளைத் தீர்க்கும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறந்தவுடன் வாங்கி வைத்த சான்றிதழ்களில் பல நேரம் பெயர் இருக்காது. அதைச் சேர்க்க நகராட்சி அலுவலகத்துக்கு இரண்டு நடை.

இதெல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

விமானம்

மலிவு விமானத்தின் முதல் விலை பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஸ்கூட்டில் அடிப்படைக் கட்டணத்தில் கையோடு 10 கிலோ கொண்டுபோகலாம். சரக்குப் பெட்டி, சாப்பாடு, இருக்கை எல்லாம் தனி. நான்கு பேருக்கு 40 கிலோ என்பது நான்கு நாளுக்குத் தாராளம். போகும்போது பெட்டிக்குக் காசு கட்டாமல், திரும்பும்போது மட்டும் ஒரே ஒரு பெட்டிக்குக் கட்டினோம். டிக்கெட் போடும்போதே பெட்டிக்குக் கட்டினால் ஒரு விலை, விமான நிலையக் கவுன்ட்டரில் கட்டினால் வேறு விலை. முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு ஏறக்குறையப் பெரியவர் கட்டணமே என்பதையும் நினைவில் வையுங்கள். கடைக்குட்டிக்கு இரண்டு நிரம்பப்போகிறது என்றால் அது உங்கள் தேதியை மாற்றக்கூடிய விஷயம்.

எங்களுக்குத் தலைக்குப் போகவர 22,000 ரூபாய் ஆனது, மூன்று மாதம் முன்பே போட்டதால்.

விசா

இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர் வழியாகத்தான் பெரும்பாலும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பி வராது. முகவர் தன் கூலியைத் தனியாக வாங்குவார். கூலியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், விசாக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். குழந்தைக்கும் தனி விசா, தனிக் கட்டணம். படம் வெள்ளைப் பின்னணியில் 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பயணத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். பாஸ்போர்ட்டில் ஒட்ட மாட்டார்கள், மின்விசாவாக வரும், அச்செடுத்துக்கொள்ளலாம்.

மலிவு டிக்கெட்டை மூன்று மாதம் முன்பே எடுக்க வேண்டும், விசாவோ கடைசி மாதத்தில்தான். இந்த இடைவெளியில் ஒரு சிறு ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. அதனால் அறையையாவது இலவசமாக ரத்து செய்யக்கூடிய விதத்தில் எடுங்கள்.

விசா வந்த பிறகு இன்னொன்று: வருகை அட்டை. போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் தளத்திலோ அதன் செயலியிலோ நிரப்ப வேண்டும். இது இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்கிற சில தளங்கள் காசு கேட்கும். காசு கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

அறை

பூங்கா செந்தோசாத் தீவில் இருக்கிறது. அங்கேயே தங்கினால் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் இரண்டும் வடகிழக்கு ரயில் தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள். அதே தடத்தின் முனையில் ஹார்பர்ஃபிரண்ட், செந்தோசாவின் வாசல். எங்கும் மாறாமல் ஒரே ரயில். தங்குவதற்கு இந்த இரண்டு நிலையத்தைச் சுற்றித் தேடுங்கள் என்பதுதான் என் முடிவு. கீழே இறங்கினால் தோசையும் காபியும் கிடைக்கிற தெரு.

சின்ன விடுதிகளில் ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு. விலை குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். தேயிலைச் சரிவைப் பார்த்து விழிக்கிற நமக்கு அந்த அறையில் மூச்சு முட்டும், விவரத்தைப் படித்துவிட்டு எடுங்கள். குழந்தைகளின் எண்ணிக்கையையும் வயதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு பேர் அறையில் நாலு பேரை அங்கே விடமாட்டார்கள். இன்னொன்று, தனியார் வீட்டைச் சில நாளுக்கு வாடகைக்கு விடுவது சிங்கப்பூரில் சட்டப்படி கூடாது, குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். யாராவது வீட்டை நாலு நாளுக்குத் தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள்.

கணக்கு

ஒரு சிங்கப்பூர் டாலரை 70 ரூபாய் என்று வைத்தேன். நீங்கள் போகும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரியவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன்:

விமானம் 88,000
விசா, முகவர் கூலியோடு 12,000
அறை, நான்கு இரவு 38,000
யுனிவர்சல் டிக்கெட் 21,000
சாப்பாடு 16,800
ரயில், பேருந்து 5,600
வேறு ஒரு இடத்துக்கு நுழைவுச்சீட்டு 7,000
பயணக் காப்பீடு, சிம் 4,000
குன்னூர்–கோயம்புத்தூர் விமான நிலையம் டாக்ஸி, போகவர 7,000

மொத்தம் 1,99,400.

இதே பயணத்துக்கு ஒரு முகவர் எனக்குச் சொன்ன பேக்கேஜ் 2,85,000, அதுவும் மூன்று இரவு. என்னென்ன என்று பிரித்துக் கேட்டபோது, விமான நிலையத்திலிருந்து அறைக்கும் அறையிலிருந்து பூங்காவுக்கும் வேன், ஒரு நாள் ஊர் சுற்றல், இந்தியச் சாப்பாடு என்று வந்தது. ஒரே ரயிலில் போகக்கூடிய இடத்துக்கு வேன். லிட்டில் இந்தியாவில் இறங்கிவிட்டு இந்தியச் சாப்பாட்டுக்குத் தனிக் காசு. பேக்கேஜ் எடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். வயதானவர்கள் கூட வந்தால் அந்த வேன் பெரிய உதவி. ஆனால் பிரித்துக் கேட்காமல் எடுக்காதீர்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்று ஒரு வரியையும் சேர்த்துப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம், ஆனால் அதுவரை கைக்காசு அங்கே முடங்கும். விமான டிக்கெட்டை மட்டும் ஒரு இடத்திலும் அறையை மட்டும் இன்னொரு இடத்திலும் நீங்களே எடுத்தால் அது பேக்கேஜ் ஆகாது.

நம் ஊர் வங்கி அட்டையை அங்கே தேய்த்தால் ஒவ்வொரு முறையும் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று கொஞ்சம் சதவீதம் பிடிக்கும். உங்கள் அட்டைக்கு எவ்வளவு என்று வங்கியில் கேட்டுவிட்டுப் போங்கள். உணவு அங்காடிகளில் ரொக்கம்தான் சுலபம்.

உயரத்தை அளங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, செருப்பில்லாமல், சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

பூங்காவில் பல சவாரிகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102 சென்டிமீட்டர், ஜுராசிக் பார்க் படகு 107, மம்மி 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டர்கள் 125. 92-லும் 100-லும் ஏறக்கூடியவையும் சில இருக்கின்றன. சின்ன உயரத்தில் இருப்பவர்களுடன் ஒரு பெரியவர் கூட உட்கார வேண்டும். போவதற்கு முன் பூங்காவின் தளத்தில் மறுபடியும் சரிபாருங்கள்.

என் மகன் 106. ஒரு சென்டிமீட்டர்தானே, ஷூ போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வாசலில் அளவுகோல் வைத்திருந்த பெண் சிரித்த முகத்தோடு, அசையாமல், முடியாது என்று சொன்னாள். படகு நனைந்து திரும்புவதைப் பார்த்துக்கொண்டே அவன் அழுத அழுகை அந்த நாளில் அரை மணி நேரத்தைத் தின்றது. முன்கூட்டியே அவனிடம், இது உனக்கு இல்லை, இது இது உனக்கு என்று சொல்லிக் கூட்டிப்போயிருந்தால் அது நடந்திருக்காது. பட்டியலைக் குழந்தையோடு உட்கார்ந்து வீட்டிலேயே போடுங்கள். உங்கள் குழந்தைகள் எல்லோருமே 100-க்குக் கீழே என்றால் ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள் என்பேன். நான்கு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை என்பதற்காக மட்டும் அவசரப்படத் தேவையில்லை.

கீழே ஒரு ஒத்திகை

மேட்டுப்பாளையம் பக்கத்தில், மலையடிவாரத்தில் பிளாக் தண்டர் நீர்விளையாட்டுப் பூங்கா இருக்கிறதே, போவதற்கு ஒரு மாதம் முன் ஒரு நாள் குழந்தைகளோடு அங்கே போய் வாருங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. மலைக் குழந்தைகளுக்கு வெயிலில் வரிசையில் நின்று பழக்கமில்லை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது, வருஷம் முழுக்க முப்பது டிகிரிக்கு மேல், கூடவே புழுக்கம். வியர்வை காயாது. எங்கள் மகள் பிளாக் தண்டரில் மதியம் இரண்டு மணிக்கே தலைவலி என்று சுருண்டுவிட்டாள். தண்ணீர் போதவில்லை. அந்த ஒரு நாள் கற்றுக்கொடுத்ததால் சிங்கப்பூரில் மதிய நேரத்தை உள்ளரங்குச் சவாரிகளுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கினோம். யாருக்கு எந்த மாதிரிச் சவாரியில் வயிறு புரட்டும் என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

பூங்கா நாள்

டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 80 டாலருக்கு மேல், 4 முதல் 12 வயது வரை 60 டாலருக்கு மேல், நாளைப் பொறுத்துக் கூடும். நான் பெரியவருக்கு 85, குழந்தைக்கு 65 என்று போட்டேன்.

ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி வணிக வளாகம். அதன் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ஒற்றைத் தண்டவாள ரயில், போகும்போது ஆளுக்கு 4 டாலர், திரும்பும்போது இலவசம். பக்கத்திலேயே கடல் ஓரமாகப் போகிற நடைபாதையில் நடந்தால் காசே இல்லை, கால்மணி நேரம். காலையில் வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள். சிம்ஸ் பூங்கா மேட்டை ஏறி இறங்கிய கால்களுக்கு அது ஒன்றுமே இல்லை.

வழக்கமாகக் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். ஒன்பதரைக்கே வாசலில் நில்லுங்கள். சுற்றுகிற உலக உருண்டைக்கு முன்னால் படம் எடுப்பதைச் சாயந்திரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். திறந்ததும் கூட்டம் கடைகளில் நிற்கும். நீங்கள் நிற்காமல் போய் நீண்ட வரிசை சேர்கிற சவாரியில் முதலில் ஏறிவிடுங்கள்: டிரான்ஸ்ஃபார்மர்ஸ், அல்லது 2025-ல் திறந்த மினியன் பகுதி. முதல் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று சவாரி முடிந்தால் அந்த நாள் உங்களுடையது.

வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் கண்ணைக் கவரும். வாரநாளில், கூட்டமில்லாத மாதத்தில் போகிறவர்களுக்கு அது வேண்டாம். டிசம்பர் சனிக்கிழமை போகிறவர்கள் யோசிக்கலாம், ஆனால் அந்தக் காசில் தேதியையே மாற்றிவிடலாமே. தனியாக ஏறுகிறவர்களுக்கு என்று சில சவாரிகளில் குறுக்கு வரிசை உண்டு. குடும்பமாகச் சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் அப்பா மட்டும் ஏற ஆசைப்பட்டால் பத்து நிமிஷத்தில் முடியும். சின்னக் குழந்தை ஏற முடியாத சவாரியில் ஒரு பெற்றோர் குழந்தையோடு காத்திருந்து, மற்றவர் இறங்கியதும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறி ஏறும் வசதியும் இருக்கிறது. வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள்.

மதியத்தில் இடியோடு மழை வரலாம். மின்னல் இருந்தால் வெளிச்சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். நிகழ்ச்சிகளையும் உள்ளரங்குச் சவாரிகளையும் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஜுராசிக் படகில் தொப்பலாக நனைவீர்கள். அங்கே மழைக்கோட்டு விற்கிறார்கள், நம் வீட்டில் மழைக்கோட்டுக்கு என்ன பஞ்சம், சுருட்டிப் பையில் போடுங்கள். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோங்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், நிரப்பிக்கொண்டே இருங்கள். உள்ளே சாப்பாடு விலை அதிகம். கையில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வரலாம்.

மீதி நாட்கள்

பூங்காவுக்கு அடுத்த நாள் இன்னொரு பெரிய டிக்கெட் வாங்காதீர்கள். கால் வலியோடு போய்க் காசை வீணாக்குவோம். நாங்கள் செந்தோசாவின் கடற்கரைக்கே திரும்பிப் போனோம். தீவுக்குள் ஓடும் பேருந்தும் கடற்கரை வண்டியும் இலவசம். பலாவான் கடற்கரையில் ஒரு தொங்குபாலம் உண்டு, அதைக் கடந்தால் சின்னத் தீவு. கடலைப் பார்த்தாலே கத்துகிற மலைக் குழந்தைகளுக்கு மூன்று மணி நேரம் போவது தெரியாது.

சாயந்திரம் கார்டன்ஸ் பை தி பே என்கிற பெரிய தோட்டம். மரம்போல எழுப்பியிருக்கும் இரும்புக் கோபுரங்களின் அடியில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளி நிகழ்ச்சி, காசில்லை, தரையில் படுத்துக்கொண்டு பார்க்கலாம். குழந்தைகள் தண்ணீரில் ஆடும் பூங்கா ஒன்றும் அதற்குள் இலவசமாக இருக்கிறது, மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவிக்கும் டிக்கெட் கிடையாது. திரும்பும் நாளில் சீக்கிரம் போய்ப் பார்த்துவிடலாம். கேத்தரின் அருவியைப் பார்த்து வளர்ந்த என் மகளோ, இதை மாலையில் மூடிவிடுவார்களா என்று கேட்டாள்.

சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டர் உணவு அங்காடி. பெயர்ப்பலகை வைத்த உணவகங்களில் விலைக்கு மேல் பத்து சதவீதம் சேவைக் கட்டணமும் ஒன்பது சதவீத வரியும் ஏறும். அங்காடிக் கடைகளில் பலகையில் எழுதிய விலைதான். காபி சர்க்கரையும் பாலும் சேர்த்து இனிப்பாகத்தான் வரும், முன்பே சொல்லி வாங்குங்கள்.

ரயிலிலும் பேருந்திலும் நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டையையே தட்டிப் போகலாம், வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்குச் சிறு கட்டணம் உண்டு. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை நாலு முறை தட்ட முடியாது. 90 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குழந்தை பெரியவரோடு போனால் கட்டணமில்லை.

பையில் என்ன கூடாது

கசகசா. நம் மசாலாப் பொடியில் சாதாரணமாகக் கிடக்கும் சாமான், சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் அரைத்த குழம்புப்பொடி கொண்டுபோகிறவர்கள் முதலில் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சூயிங் கம், மெல்லும் புகையிலை, மின் சிகரெட் எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது. உப்புக்கண்டம், கோழி வறுவல் போன்ற இறைச்சி எதையும் எடுத்துப்போகாதீர்கள். தேயிலை ஒரு பாக்கெட் போட்டுக்கொள்ளலாம், அங்கே யாராவது சொந்தக்காரர் இருந்தால் மகிழ்வார்கள். மின்செருகிக்கு மூன்று சதுரமுனை மாற்றி ஒன்று. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், குழந்தைகளை விடியலில் எழுப்புவது சிரமம் என்பதால் முதல் நாளில் பூங்கா வேண்டாம்.

இறங்குவதும் ஏறுவதும்

குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் எழுபது கிலோமீட்டர் சுமார், சாதாரண நாளில் இரண்டரை மணி நேரம். சாதாரண நாள் என்பதுதான் கேள்வி. பர்லியாறு வழியில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றால் போதும், ஒரு மணி நேரம் போச்சு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மண்சரிவுக்குப் பாதையை மூடுவார்கள். அக்டோபர் பாதிக்கு மேல் போகிறவர்கள் முதல் நாளே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஒரு இரவு தங்கிவிடுங்கள். அந்த அறை வாடகை, நான்கு விமான டிக்கெட்டுக்குக் காப்பீடு. பர்லியாறு வழி அடைத்தால் கோத்தகிரி வழி இருக்கிறது என்று நம்பலாம், ஆனால் அன்று எல்லோரும் அங்கேதான் திரும்புவார்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிற குழந்தைக்குக் கிளம்பும்போது வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரிடம் கேட்டுவிட்டு. காதடைப்பு மட்டும் நம் குழந்தைகளுக்குப் புதிதல்ல. கல்லார் வருவதற்குள் எச்சிலை விழுங்கிக் காதைத் திறக்கத் தெரிந்தவர்கள், விமானத்தில் அழமாட்டார்கள்.

திரும்பும்போது ஒரு விஷயம் பலர் மறக்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டி உள்ளிட்ட நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு இங்கே தேவையில்லை. விமான நிலையத்தில் இறங்கி ஏதோ ஒரு கோவை டாக்ஸியைப் பிடித்தால் ஓட்டுநர் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். அதனால் இறக்கிவிட்ட நம் ஊர் டாக்ஸிக்காரரிடமே திரும்பும் நேரத்தையும் சொல்லி வைத்துவிடுவது நல்லது. பெட்டியின் மேலாகக் குழந்தைகளின் ஸ்வெட்டரை வைத்துக்கொள்ளுங்கள், பர்லியாறு தாண்டியதும் கேட்பார்கள்.